தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கிய கேம்

வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போடுகிற விமரிசகர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைவிட மட்டமான கூட்டம் ஒன்று உண்டென்றால், அது அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிற கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தில் நான் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். சும்மா உறுப்பினனாக இல்லை, ஏறக்குறையத் தலைவனாக.

சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழு பேர். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், முன்வழுக்கை விழுந்தவர்கள். புதிய கேம் ஒன்று விற்பனைக்கு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு விமரிசனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியாகும். அந்த நேரம் பெரும்பாலும் எங்கள் மாலை டீ வேளையில் வரும். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஏழு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அப்பாக்களைப் போல நிற்போம். அத்தனை விமரிசனங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் இணையதளம் போடும். எண் வந்ததும் ஒருவன் சத்தமாகப் படிப்பான். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்ற சட்டத்தை வகுத்தவன் நான். தொண்ணூறுக்கு மேல் என்றால் வெளியாகிற அன்றே வாங்கிவிட வேண்டும். எண்பதுகளில் இருந்தால் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். எழுபதுகள் என்றால் யாராவது இரவல் கொடுத்தால் பார்க்கலாம். அறுபதும் அதற்குக் கீழும் பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்ட ஒரு கேமின் பெயரைச் சொன்னவன் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பொறியியல் படித்து, குடும்பம் நடத்தும் ஏழு ஆண்கள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. செங்கல்பட்டில் நான் படித்த பள்ளியில், தொண்ணூற்றெட்டு வாங்கின பையனிடம் மீதி இரண்டு மார்க் எங்கே போச்சு என்று கேட்டு முட்டி போட வைப்பார்கள். அங்கே எழுபது என்பது பெயிலுக்கு இன்னொரு பெயர். ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்திருக்கும் விமரிசகன் ஐம்பத்தெட்டு போட்டால், 'சுமார்தான், ஆனால் சிலருக்குப் பிடிக்கும்' என்று அர்த்தமாம். எங்களைப் பொறுத்தவரை ஐம்பத்தெட்டு என்பது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும் மதிப்பெண்.

இதில் எனக்கென்று தனியாக ஒரு பெருமையும் இருந்தது. நான் விமரிசனத்தைப் படிக்கவே மாட்டேன். படித்தால் கதை தெரிந்துவிடும் என்பது என் வாதம். எண் ஒன்று போதும், எண் பொய் சொல்லாது, எண் கதையையும் சொல்லிவிடாது என்று டீக்கடையில் நின்று பிரசங்கம் செய்வேன். இரண்டாயிரம் வார்த்தை எழுதின ஒருவனின் உழைப்பில் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மற்றதை வீசுகிறோமே என்று ஒருநாளும் உறைத்ததில்லை. எருமை மாட்டின்மேல் மழை பெய்தால் அது திரும்பியா பார்க்கும்?

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரனுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் போன்றவர்களின் நச்சரிப்பு தாங்காமல், ஒவ்வொரு உறையின்மேலும் சின்னச் சீட்டு ஒட்டி அந்தக் கேமின் மதிப்பெண்ணை எழுதி வைத்திருந்தான். ஒருநாள் நான் சீட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே போவதைக் கவனித்துவிட்டு அவன் பேச்சுக் கொடுத்தான்.

"அண்ணாத்த, ஒரு மேட்டர் சொல்றேன் கேளு. இந்தத் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு வாங்கினதெல்லாம் பத்து நாள்ல திரும்பி வந்துகினே கீது. வைக்க எடமில்ல. இந்த அறுபது வாங்கின சனியன் கீது பாரு, ஒருதபா வெளிய போச்சுன்னா திரும்பி வர்றதே இல்ல. இன்னா கணக்குன்னே புரியல."

"விக்க வெக்கமா இருக்கும்," என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு கேம் உண்மையிலேயே ஒருவனுக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான கணக்கு உலகத்தில் எவனும் போட்டதில்லை. அது என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நான் நக்கல் அடித்துவிட்டுத் தொண்ணூற்றிரண்டு ஒட்டியிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அதை இரண்டு மணி நேரம்கூட ஆடவில்லை.

என் மனைவி புதுப்பட்டினத்துக்காரி. படூரில் ஒரே கல்லூரியில் படித்தோம், ஒருவரையொருவர் விரும்பினோம். கல்யாணப் பேச்சு வந்தபோது என் அம்மா இரண்டு ஜாதகத்தையும் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனாள். பத்துக்கு நாலு பொருத்தம்தான் என்று சொல்லிவிட்டார். அம்மா வேண்டாம் என்றாள். நான் வீட்டையே இரண்டாக்கினேன். "எவனோ ஒருத்தன் கட்டம் போட்டு நாலுன்னு எழுதினா, நான் யாரோட வாழணும்னு அவனா முடிவு பண்றது?" என்று தட்டை விட்டெறிந்தேன். பகுத்தறிவு அப்படியே பொங்கி வழிந்தது. அதே மாதம், நூற்றுக்கு அறுபத்தெட்டு என்பதற்காக, நண்பன் ஒருவன் ஆசையாகக் கொடுத்த கேமை உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். "நம்ம ரெண்டு பேரும் கேமா இருந்தா நீ என்னத் தொட்டே இருக்க மாட்ட," என்பாள். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அவளும் கேம் ஆடுவாள். ஆனால் என்னைப் போல மாதம் ஒன்று தாவ மாட்டாள். ஒன்றை எடுத்தால் ஆறு மாதம் அதிலேயே இருப்பாள். முடித்ததையே மறுபடி ஆடுவாள். ஒருமுறை ஏதோ ஒரு விளம்பர வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். கால்வாய் ஓடும் சின்ன ஊர். நமக்கு ஒரு படகு. இந்தக் கரையில் பொட்டலத்தை வாங்கி அந்தக் கரையில் கொடுக்க வேண்டும். மழை வரும், நிற்கும். வாத்துகள் குறுக்கே போகும், அவை போகும்வரை நிற்க வேண்டும். "இத வாங்கலாமா?" என்றாள். நான் ஃபோனில் தட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. இதை அலுவலகத்தில் வேறு சொல்லிச் சிரித்தேன். ஒரு வருடம் எங்கள் கூட்டத்தில் மோசமான எதற்கும் 'வாத்து கேம்' என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு வந்த வருடம் நல்லதாக இல்லை. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. நான் கேம் ஆடினேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்றரை வருடம் கழித்து மறுபடி உண்டானபோது, செங்கல்பட்டில் நாங்கள் பார்த்த டாக்டர் அம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார். ஆறாம் மாதம் பிறந்ததிலிருந்து படுக்கையை விட்டு எழக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவள் புதுப்பட்டினத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் படூரில் எங்கள் வீட்டில் சமையல் தெரியாமல் கிடந்து, சனிக்கிழமைதோறும் மாமல்லபுரம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தேன்.

எங்கள் வாழ்க்கையில் அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிள்ளை உள்ளே தங்க வேண்டும். அவள் பயப்படாமல், அழாமல் படுத்திருக்க வேண்டும். இதைத் தவிர மற்றதெல்லாம் குப்பை.

படுத்தே கிடப்பது பைத்தியம் பிடிக்கிறது என்று ஒருநாள் ஃபோனில் சொன்னாள். கேம் ஏதாவது கொண்டு வரட்டுமா என்றேன். "அந்த வாத்து கேம் எடுத்துனு வாயேன். எனக்கு அது போதும்," என்றாள். சரி என்றேன். நிஜமாகவே வாங்கத்தான் போனேன்.

ஆனால் அந்த வாரம்தான் தொண்ணூற்றாறு வந்திருந்தது. டீக்கடையில் ஏழு பேரும் குதித்தோம். எங்கள் பத்து வருடத்தில் அப்படி ஓர் எண் வந்ததில்லை. பனி பெய்யும் ஒரு தேசம், போருக்குத் தப்பி மாட்டுவண்டியில் ஓடும் ஒரு குடும்பம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், வழக்கம்போல ஒரு வரி படிக்கவில்லை. என் பெண்டாட்டி மனசு தெம்பாக இருக்க வேண்டிய நேரத்தில் ஐம்பத்தெட்டையா கொண்டுபோய்க் கொடுப்பது என்று நினைத்தேன். நோயாளிக்கு மட்டமான ஆப்பிளா வாங்கிப் போவோம்? அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். என்ன அன்பு, பீற்றல்.

சனிக்கிழமை கேம் ஆடும் கன்சோலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். டிவியைக் கட்டிலுக்கு எதிரே நகர்த்தி, வயர் எல்லாம் மாட்டி, தலையணை அடுக்கிக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். திரையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "வாத்து எங்க?" என்றாள்.

"இது தொண்ணூத்தாறு. ஆடிப் பாரு, அப்புறம் பேசு," என்றேன்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஆட ஆரம்பித்தாள். நான் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, பனி எப்படி விழுகிறது பார், வெளிச்சத்தைப் பார் என்று நானே வரைந்த மாதிரி அளந்துகொண்டிருந்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போனேன். வீட்டம்மாவே தொண்ணூற்றாறு ஆடுகிறாள் என்று அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு, அதற்கு வந்த கைதட்டல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்தபோது அவள் கன்ட்ரோலரைப் பிடித்தபடி இருந்தாள். திரையில் வண்டி நின்றிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள், அவளுக்கு அருகில் துணி சுற்றிய சின்ன மூட்டை. திரையின் கீழே ஒரு பட்டனின் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அந்தப் பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரு கை மண்ணைத் தோண்டியது. அதற்கேற்றபடி கன்ட்ரோலர் அவள் வயிற்றின்மேல் அதிர்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "குழந்த செத்துடுச்சு. குழி தோண்டச் சொல்லுது. தோண்டாம மேல போக முடியல."

நான் போய் சுவிட்சை அணைத்தேன். அவள் அழவில்லை, கன்ட்ரோலரைக் கீழே வைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நான் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் குரல் கேட்டது. "மாப்ளே, சீக்கிரம் வாங்க. வயித்தப் புடிச்சிகினு கீறா."

வாடகைக் கார் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவரைத் திட்டினேன். அவர் பாவம், ஆமை மாதிரி ஓட்டினார். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, திட்ட வேண்டிய ஆள் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அம்மா பார்த்தார். தையல் அப்படியே இருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, வயிறு இறுகினது நின்றுவிட்டது என்றார். எதனால் என்று நான் கேட்டதற்கு, இதனால்தான் என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் பேஷண்டை நிம்மதியாக வைத்திருங்கள் என்றார். இன்னும் பத்து வாரம் உள்ளேயே இருந்துவிட்டால் தையலைப் பிரித்துவிடலாம் என்றும் சொன்னார். அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள்.

வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு கேமின் விமரிசனத்தைத் திறந்து முழுக்கப் படித்தேன். மூன்றாம் பத்தியில் இருந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குழந்தை இறக்கிறது, அதைப் புதைக்கும் வேலையை ஆடுகிறவரே செய்ய வேண்டும், பிள்ளையை இழந்தவர்கள் இதைத் தொடுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள் என்று பச்சையாக எழுதியிருந்தான். அடுத்ததைத் திறந்தேன். அதிலும் இருந்தது. நான் திறந்த எல்லாவற்றிலும் இருந்தது. மடையன் ஒருத்தனைத் தவிர உலகத்துக்கே தெரிந்திருந்தது. விமரிசகர்களை இன்றுவரை எனக்குப் பிடிக்காது. இவ்வளவும் எழுதிவிட்டுக் கீழே தொண்ணூற்றைந்து, நூறு என்று போட அவர்களுக்கு எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார்கள்.

என்ன நடந்தது என்று குழுவில் எழுதினேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. முதல் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. "அதான் மச்சான் அந்த கேமோட பவரே. சும்மாவா தொண்ணூத்தாறு குடுத்தான்?" கீழே நாலு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள். குழுவை விட்டு வெளியே வந்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்களுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இருந்தாலும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை அவளுக்கு இட்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பாதி இட்லியைத் தின்றுவிட்டுக் கேட்டாள். "அதப் பத்தி எவனாவது எழுதிகிறானா?"

எழுதியிருக்கிறான் என்றேன்.

"நீ படிக்கல."

"கத தெரிஞ்சிடும்னு..."

"அந்தக் கத எனக்குத் தெரியும்," என்றாள். "போன தபா அஞ்சாம் மாசமே தெரியும். ஃபோன எடு. அந்த எடத்த சத்தமா படி."

நான் தமிழில் சொல்லிப் படித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவும் எழுந்து உட்கார்ந்து கேட்டார். ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அவள் விடவில்லை, மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் யார் முன்னாலும் நின்றதில்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

புதுப்பட்டினத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாள், அவளே வாத்து கேம் பேச்சை எடுத்தாள். கன்சோலைக் கண்ணால் பார்க்கவே விரும்ப மாட்டாள் என்று நினைத்திருந்தேன். உடனே போய் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காரு. மொதல்ல படி," என்றாள். "மார்க்கு இன்னான்னு சொல்லாத. உள்ள இன்னா எழுதிகிறான்னு படி. குழந்த கீதா, சாவு கீதா, எல்லாத்தயும் பாத்துச் சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கேமுக்கு விமரிசனம் எழுதியவர்களில் மிகக் கடுமையாகத் திட்டியிருந்த ஒருவனின் விமரிசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். அவனுக்கு அந்தக் கேமின்மேல் அப்படி ஒரு கடுப்பு. படகு போகிறது, வருகிறது என்று எழுதியிருந்தான். யாரும் சாவதில்லை, யாருக்கும் ஆபத்து வருவதில்லை, கால்வாயில் வெள்ளம்கூட வருவதில்லை. முதல் ஆறு மணி நேரத்தில் எதுவுமே நடக்கவில்லை, ஏதாவது நடக்கும் என்று நம்பி இன்னும் நாலு மணி நேரம் ஆடினேன், அப்போதும் எதுவும் நடக்கவில்லை, இப்படி ஒன்றுமே நடக்காத ஒன்றை யார்தான் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டு முடித்திருந்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன.

"எனக்கு இன்னும் பத்து வாரம் ஒண்ணுமே நடக்கக் கூடாது," என்றாள். "போய் வாங்கினு வா."

வாங்கி வந்தேன். பத்து வாரம் அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. பதினோராம் வாரம் செங்கல்பட்டில் எங்கள் மகள் பிறந்தாள்.